இசைத்தட்டு வியாபாரியின் துப்பறியும் படம்

காரைக்குடிக்கு அருகே தேவகோட்டை ரஸ்தா என்றோர் இடம் உண்டு; யுத்த நெருக்கடியினால் சென்னையில் புதிய ஸ்டூடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது துர்லபமாக இருந்த நாளில், ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சொந்தச் சீமைக்கே திரும்பி வந்து, அங்கே கீற்றுக் கொட்டகைகள் எழுப்பிப் படம் பிடித்தார் என்று சொன்னால், கோடம்பாக்கத்து ஏவி.எம்மை மட்டும் அறிந்தவர்கள் நம்பத் தயங்குவார்கள். பாரதி பாடல்களைப் பட்டிதொட்டியெல்லாம் முணுமுணுக்க வைத்த ‘நாம் இருவர்’ 1947 ஜனவரியில் அந்தக் கொட்டகைகளிலிருந்து வெளிவந்ததுதான்.

பாட்டின் விலையை அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்றைய படத்தொழிலில் இருந்திருப்பாரா என்பது சந்தேகமே. தகப்பனார் ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டு விற்றுத் தொழில் பழகியவர்; பின்னர் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் தட்டுகளைப் பதிவு செய்தே வெளியிட்டவர். அப்படிப்பட்டவர், ஸ்டூடியோ சென்னைக்குப் பெயர்ந்து சில ஆண்டுகளான பின், 1954இல், ஒரு பாட்டுக்கூட இல்லாத, நடனமும் இல்லாத ‘அந்த நாள்’ என்ற துப்பறியும் படத்துக்கு முதல் போட்டார். அதைவிட விசேஷம், டைரக்டர் எஸ். பாலசந்தர் வீணை வித்வான்! தட்டு விற்றவரும் வீணை வாசித்தவரும் கூடி, தமிழ்ப் பட ரசிகரின் காதைப் பட்டினி போடத் துணிந்தார்கள்.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் கதை நிகழ்கிறது. ஆகவே வெளிவந்த அன்றே அது ஒரு கடந்தகாலக் கதையாகத்தான் இருந்தது. துப்பாக்கி வெடிக்கிறது, ரேடியோ என்ஜினீயர் ராஜன், அதாவது சிவாஜி கணேசன், ஆரம்பத்திலேயே பிணமாகி விழுகிறார். பிரபல நடிகரை முதல் காட்சியில் கொன்றுவிட்டு, அதன் பின் அவரைப் பிறர் வாய்மொழியிலேயே உலவவிடுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவராக, சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தத்தின் முன் தம் சந்தேகத்தை அடுத்தவர்மேல் சாற்றிவிட்டுப் போகிறார்கள். சிவானந்தமாக நடித்தவர், படத்தின் திரைக்கதையையும் வசனத்தையும் எழுதிய ஜாவர் சீதாராமன்; கேள்வியும் பதிலும் ஒருவர் பேனாவிலிருந்தே பிறந்ததால்தானோ என்னவோ, விசாரணைக் காட்சிகள் இன்றும் தொய்வதில்லை. அகிரா குரோசாவாவின் ‘ராஷோமான்’ தந்த தூண்டுதல் வெளிப்படை. ஆனால் ஜப்பானியப் படம் உண்மையைக் கடைசிவரை கைக்கு எட்டாததாகவே விட்டுவிட, தமிழ்ப் படமோ குற்றவாளியைக் கண்டுபிடித்தே தீருகிறது. யார் என்பதைச் சொல்வது துப்பறியும் கதைக்குச் செய்யும் துரோகம். இன்னும் பாராதவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மத்திய அரசின் திரைப்பட விருதுகளில் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது; கல்லாப்பெட்டி அந்த அளவுக்குத் தாராளம் காட்டவில்லை. செட்டியாரும் கணக்கறிந்தவர், அடுத்துவந்த ஏவி.எம். படங்களில் பாட்டு தன் பழைய ஸ்தானத்தில் வந்து அமர்ந்துகொண்டது.