பாலுறவுத் தவிர்ப்புக் கல்வி: அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் ஒரு விவாதத்தின் வரலாறு

பாலுறவுத் தவிர்ப்புக் கல்வி என்பது, திருமணம் ஆகும்வரை பாலுறவைத் தவிர்ப்பதே மாணவர்களுக்கு உரிய ஒரே வழி என்று கற்பிக்கும் பாடமுறை. கருத்தடை பற்றி அது பேசுவதில்லை. பேசினாலும் கருத்தடை எப்படியெல்லாம் தவறிப்போகும் என்பதைத்தான் பேசும். 1981 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு இதற்குப் பணம் கொடுத்துவருகிறது. எதிர்ப்பக்கம் நிற்பது முழுமையான பாலியல் கல்வி. தவிர்ப்பதே பாதுகாப்பானது என்று அதுவும் சொல்கிறது. கூடவே ஆணுறை, கருத்தடை மாத்திரை, பால்வினை நோய்கள் பற்றியும் விளக்குகிறது. பிள்ளைகள் உறவு கொள்ளலாமா கூடாதா என்பதே விவாதம் என்று வெளியில் தோன்றும். உண்மையில் இரு தரப்பினரும் பதின்வயதினர் பொறுத்திருப்பதையே விரும்பினார்கள். பொறுத்திராத பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதில்தான் சண்டை.

தொடக்கம்

1913இல் சிகாகோ நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் எல்லா ஃபிளாக் யங், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவர்களைக் கொண்டு உடல்நலச் சொற்பொழிவுகள் நடத்தினார். மேகநோயும் வெட்டைநோயும் நகரங்களை ஆட்டிவைத்த காலம் அது. கத்தோலிக்கத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டம் விரைவிலேயே கைவிடப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் பாலியல் பாடம் சுகாதார வகுப்பின் ஒரு மூலையில், பூடகமான சொற்களில் ஒதுங்கிக் கிடந்தது.

1964இல் மேரி கால்டரோன் என்ற மருத்துவர், பாலியல் கல்விக்கென ஓர் அமைப்பைத் தோழர்களுடன் சேர்ந்து நிறுவிய பிறகே பேச்சு வெளிப்படையானது. பகையும் உடனே பிறந்தது. 1968இல் கார்டன் டிரேக் எழுதி, பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸின் கிறித்துவ அமைப்பு வெளியிட்ட ஒரு துண்டுநூல், இந்தப் பாடத்துக்குப் பள்ளிக்கூடம் உரிய இடம்தானா என்று கேட்டு நாடெங்கும் பரவியது. மறு ஆண்டு ஜான் பர்ச் சங்கம் என்ற வலதுசாரி அமைப்பு பாலியல் கல்வியைக் கம்யூனிஸ்டுகளின் சதி என்றே சொன்னது. கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் பெற்றோரின் ஆதரவோடு நடந்துவந்த ஒரு நல்ல பாடத்திட்டம் அந்த அலையில் சிதைந்தது.

சட்டமும் பணமும்

பாடத்தை ஒழிக்க முடியாது என்று தெரிந்ததும் எதிர்ப்பாளர்கள் வழியை மாற்றினார்கள்: பாடம் இருக்கட்டும், அதன் உள்ளடக்கத்தை நாம் எழுதுவோம். 1981இல் அலபாமா செனட்டர் ஜெரமையா டென்டனும் யூட்டா செனட்டர் ஆரின் ஹாட்சும் கொண்டுவந்த பதின்வயதினர் குடும்ப வாழ்வுச் சட்டத்தில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். கற்புச் சட்டம் என்று எதிர்ப்பாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். மத அமைப்புகளுக்கும் இதில் பணம் போனதால் வழக்கு எழுந்தது. 1988இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சட்டத்தை நிலைநிறுத்தியது. 1993இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, பாடங்களில் மதப் போதனை கூடாது, மருத்துவத் தகவல் சரியாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

இடையில் எய்ட்ஸ் வந்தது. ரீகன் நியமித்த தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் ஆழ்ந்த கிறித்துவப் பற்றாளர். கருக்கலைப்பை வெளிப்படையாக எதிர்த்தவர். பழமைவாதிகள் அவரைத் தம் ஆள் என்றே நம்பியிருந்தார்கள். 1986 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் அவர், பாலியல் கல்வியை இயன்றவரை இளம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும், ஆணுறை பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று எழுதினார். 1988இல் எய்ட்ஸ் பற்றிய விளக்கத் தாளை நாட்டின் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்பச் செய்தார். தவிர்ப்பே சிறந்தது என்ற தம் நம்பிக்கையை அவர் விடவில்லை. தம் நம்பிக்கைக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்கவும் அவர் ஒப்பவில்லை. இந்த வரலாற்றில் நெஞ்சார மதிக்கத்தக்க மனிதர் அவர்.

ஆனால் அரசியல் அவர் காட்டிய வழியில் போகவில்லை. 1996 ஆகஸ்டில் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில், பெரிய விவாதம் ஏதுமின்றி ஒரு பிரிவு சேர்ந்திருந்தது. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 5 கோடி டாலர். அதில் ஒவ்வொரு 4 டாலருக்கும் மாநிலம் தன் பங்காக 3 டாலர் போட வேண்டும். பணம் பெறும் பாடம் எட்டு வரையறைகளுக்கு உட்பட வேண்டும். திருமணத்துக்கு உள்ளே மட்டும் உறவு என்பதே மனிதரிடம் எதிர்பார்க்கப்படும் நெறி என்பது ஒன்று. திருமணத்துக்கு வெளியே உறவு கொண்டால் மனத்துக்கும் உடலுக்கும் கேடு விளையக்கூடும் என்பது இன்னொன்று. ஒருபாலீர்ப்புள்ள மாணவர் அன்று அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் மணந்துகொள்ள முடியாது. அவர்களுக்கு அந்தச் சட்டம் வாழ்நாள் முழுவதும் தனிமையைத்தான் விதித்தது.

கலிஃபோர்னியா இந்தப் பணத்தை ஒருமுறைகூட வாங்கவில்லை. 1990களின் தொடக்கத்திலேயே இத்தகைய பாடத்தைத் தன் செலவில் நடத்தி, பயனில்லை என்று மதிப்பீட்டில் கண்டு நிறுத்திய மாநிலம் அது. புஷ் ஆட்சியில் நிதி வேகமாக வளர்ந்தது. உச்சத்தில் ஆண்டுக்குச் சுமார் 17.6 கோடி டாலர். 2003இல் தொடங்கிய வெளிநாட்டு எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்திலும், தடுப்புப் பணிக்கான தொகையில் மூன்றில் ஒரு பங்கு தவிர்ப்புப் பிரசாரத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2008இல்தான் அந்தக் கட்டாயம் தளர்ந்தது.

வகுப்பறையில் நடந்தது

பணம் எங்கே போனது என்பதைப் பார்த்தால் மனம் வலிக்கும். 2004இல் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் தம் அலுவலர்களைக் கொண்டு 13 பாடத்திட்டங்களை ஆராயச் செய்தார். அவற்றில் 11இல் தவறான அல்லது திசைதிருப்பும் தகவல்கள் இருந்தன. வியர்வையாலும் கண்ணீராலும் எச்.ஐ.வி. தொற்றலாம் என்று ஒரு பாடம் சொன்னது. ஆணுறையின் பயன் பல பாடங்களில் திரித்துக் காட்டப்பட்டது.

தகவல் பிழையைவிடக் கொடியது அவமானம். உறவு கொண்ட பெண் மென்று துப்பிய சூயிங்கம் போன்றவள் என்று சொல்லும் செயல்முறைகள் பல ஊர்களில் நடந்தன. 2002இல் யூட்டாவில் 14 வயதில் கடத்தப்பட்டு ஒன்பது மாதம் சிறைப்பட்டு வன்கொடுமைக்கு ஆளான எலிசபெத் ஸ்மார்ட், 2013இல் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். ஆசிரியை சொன்ன அந்த உவமை அடைபட்டிருந்த நாள்களில் தம் நினைவுக்கு வந்ததாகவும், தாம் இனி மதிப்பற்றவள் என்று எண்ணியதாகவும், மீட்கப்பட விரும்பாத ஒருத்தியின் மனம் தமக்குப் புரிவதாகவும் சொன்னார். இந்தப் பாடமுறை மீதான கடுமையான குற்றச்சாட்டு புள்ளிவிவரங்களில் இல்லை. அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தில் இருக்கிறது.

ஆய்வுகள் சொன்னவை

நாடாளுமன்றமே பணித்த மதிப்பீட்டை மேத்தமேட்டிகா நிறுவனம் 2007இல் வெளியிட்டது. வர்ஜீனியா, மயாமி, மில்வாக்கி, மிசிசிப்பி ஆகிய நான்கு இடங்களில் ஏறத்தாழ 2,000 மாணவர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் தொடரப்பட்டார்கள். பாடம் கேட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தவிர்த்திருந்தார்கள். கேட்காதவர்களிலும் அதே அளவினரே. முதல் உறவின் சராசரி வயது இரு குழுவிலும் 14.9.

1993இல் தெற்கு பாப்டிஸ்ட் திருச்சபையினர் தொடங்கிய கன்னிமை உறுதிமொழி இயக்கமும் ஆராயப்பட்டது. உறுதி எடுத்தவர்களில் சிலர் உறவைத் தள்ளிப்போட்டதாக பேர்மன், புருக்னர் ஆய்வு 2001இல் கண்டது. அந்த இயக்கத்தார் இதைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். ஆனால் உறுதிமொழி எடுத்தவர்களை, அதே பின்னணியுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்ட ஜேனட் ரோசன்பாமின் 2009 ஆய்வில் பாலுறவு நடத்தையில் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு கழித்து 82 விழுக்காட்டினர் அப்படி ஓர் உறுதியே எடுக்கவில்லை என்றார்கள். முக்கியமான வேறுபாடு பாதுகாப்பில் தெரிந்தது: உறுதி எடுத்தவர்கள் ஆணுறையையும் பிற கருத்தடை முறைகளையும் குறைவாகப் பயன்படுத்தினார்கள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜான் ஜெமட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 6, 7ஆம் வகுப்புகளில் படித்த 662 கறுப்பின மாணவர்களிடையே தவிர்ப்பை மட்டும் பேசிய ஒரு பயிற்சி பலன் தந்தது. இரண்டாண்டு முடிவில் அப்பயிற்சி பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரும், ஒப்பீட்டுக் குழுவில் ஏறத்தாழப் பாதிப்பேரும் உறவு கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பயிற்சி திருமணம்வரை என்று கேட்கவில்லை, பக்குவம் வரும்வரை என்றது, ஆணுறையை இழிவுபடுத்தவில்லை, யாரையும் பாவியாக்கவில்லை. எட்டு வரையறைகளின்படி பார்த்தால் அரசுப் பணம் பெறும் தகுதியே அதற்கு இல்லை.

அதற்குப் பின்

ஒபாமா ஆட்சி 2010இல் சான்று உள்ள திட்டங்களுக்கென நிதி ஒதுக்கியது. ஆயினும் அதே ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பழைய 5 கோடி டாலரையும் உயிர்ப்பித்தது. பின்னர் அது 7.5 கோடியாயிற்று, 2018இல் ‘பாலியல் அபாயத் தவிர்ப்பு’ என்று பெயரும் மாறியது. 1991இல் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்கள் 1,000 பேருக்கு 61.8ஆக இருந்த பிரசவ விகிதம் 2022இல் 14க்கும் கீழே இறங்கியது. இரு தரப்பும் இதைத் தம் வெற்றி என்கின்றன. 2007க்குப் பிந்தைய சரிவுக்குக் கருத்தடைப் பயன்பாடே பெருங்காரணம் என்று லிண்ட்பர்க், சான்டெல்லி ஆய்வு காட்டுகிறது.

மிசிசிப்பியில் 2011ஆம் ஆண்டுச் சட்டம், ஆணுறை பயன்படுத்தும் முறையை வகுப்பில் செய்துகாட்டுவதைத் தடுத்தது. கலிஃபோர்னியாவின் குளோவிஸ் நகரப் பள்ளிகளுக்கு எதிரான வழக்கில், மருத்துவ அடிப்படையில் சரியான பாலியல் கல்வி பெறுவது மாணவர் உரிமை என்று 2015இல் நீதிபதி தீர்ப்பளித்தார். ஒரே நாட்டுப் பிள்ளைகள், பிறந்த மாநிலத்தைப் பொறுத்து இருவேறு பாடங்களைப் பெறுகிறார்கள். பாலியல் பாடத்தில் சொல்லப்படுவது மருத்துவ உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாத மாநிலங்கள் இன்னும் பல உள்ளன. முதலில் திருத்தப்பட வேண்டியது அதுவே.