இம்ப்ளாண்ட் படிக்க வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்: என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

பிடிஎஸ் முடிச்சாச்சு, அடுத்து என்ன? லாஸ்பேட்டையில் சின்னதாக ஒரு கிளினிக் போடலாமா, எம்டிஎஸ் படிக்கலாமா, இல்லை வெளிநாடு போய் 'இம்ப்ளாண்ட்' கற்றுக்கொண்டு வரலாமா? புதுச்சேரியில் பல் மருத்துவம் முடிக்கும் பலர் முன்னால் இருக்கும் கேள்வி இது. கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி முதுநிலை பல் மருத்துவ நிறுவனம், பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி, அரியூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல் மருத்துவக் கல்லூரி என்று இந்தச் சிறிய ஊரைச் சுற்றியே மூன்று கல்லூரிகள் இருக்கின்றன. போட்டிக்குப் பஞ்சமில்லை.

வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து இம்ப்ளாண்ட் பயிற்சி தரும் திட்டங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தப் பயிற்சி வேறு, பட்டம் வேறு, சிகிச்சை செய்யும் உரிமம் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறினால், திரும்பி வரும்போது ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இம்ப்ளாண்ட் என்றால் என்ன?

விழுந்த பல்லின் இடத்தில், தாடை எலும்புக்குள் ஒரு சின்ன டைட்டானியம் திருகைப் பொருத்துவார்கள். எலும்பு அதனுடன் ஒட்டி வளர சில மாதங்கள் ஆகும். பிறகு அதன் மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் நாம் 'கேப்' என்று சொல்லும் செயற்கைப் பல். பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் எலும்பின் அளவு, நரம்பு ஓடும் பாதை, ஈறின் நிலை, நோயாளியின் சர்க்கரை அளவு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். திருகை இறக்குவதைவிட, யாருக்கு இறக்கக் கூடாது என்று தெரிவதுதான் கஷ்டம். பயிற்சி தேவைப்படுவது அதற்குத்தான்.

இந்தப் படிப்பு ஏன் பட்டமாக இல்லை?

இதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போகும் என்பதை 1952-ல் முயல்களை வைத்துச் செய்த ஆய்வின்போது கவனித்தவர், ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க். 1965-ல் முதல் நோயாளிக்கு அவர் இம்ப்ளாண்ட் பொருத்தினார். 1982-ல் கனடாவின் டொரண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் இதைப் பரவலாக ஏற்றுக்கொண்டது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் இன்னொரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. பெர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆந்த்ரே ஷ்ரோடரும் தொழிலதிபர் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராமனும் சேர்ந்து 1980-ல் தொடங்கிய அமைப்புதான் 'இன்டர்நேஷனல் டீம் ஃபார் இம்ப்ளாண்டாலஜி'. சுருக்கமாக ஐடிஐ. நம்ம ஊர் தொழிற்பயிற்சி ஐடிஐ இல்லை!

ஆக, ஆய்வுக் குழுக்களும் நிறுவனங்களும் பரப்பிய சிகிச்சை இது. வழக்கமான பல் மருத்துவத் துறைகள் ஏற்கெனவே தனித்தனியாகப் பிரிந்திருந்தன. இம்ப்ளாண்டோ, செயற்கைப் பல் துறை, ஈறு நோய்த் துறை, வாய் அறுவை சிகிச்சைத் துறை மூன்றிலும் கால் வைத்து நின்றது. அதனால்தான் பல நாடுகளில் இது இன்றுவரை தனிச் சிறப்புத் துறை ஆகவில்லை. பிரிட்டனின் ஜெனரல் டென்டல் கவுன்சில் 13 சிறப்புத் துறைகளைப் பட்டியலிடுகிறது. இம்ப்ளாண்ட் அதில் இல்லை. அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட 12 துறைகளிலும் இல்லை. இந்தியாவில் எம்டிஎஸ் படிப்புக்கு உள்ள 9 பிரிவுகளிலும் தனியாக இல்லை. எம்டிஎஸ் மாணவர்கள் அந்த மூன்று துறைகளின் வழியாகத்தான் இதைக் கற்கிறார்கள்.

எந்த ஸ்காலர்ஷிப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

இம்ப்ளாண்டுக்கென்றே உள்ளவற்றில் நன்கு அறியப்பட்டது ஐடிஐ ஸ்காலர்ஷிப். பல் மருத்துவர் ஒருவர் தன் நாட்டை விட்டு வேறொரு நாட்டிலுள்ள பயிற்சி மையத்தில் ஓராண்டு இருந்து கற்க, வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையோடு இடம் தருகிறார்கள். பெர்ன், ஜெனீவா, ஹார்வர்டு, ஹாங்காங் போன்ற பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகளில் இத்தகைய மையங்களாக இருந்துள்ளன. மையங்களின் பட்டியல் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலை அமைப்பின் தளத்திலேயே பார்ப்பதுதான் சரி.

ஐடிஐ தன்னைத் தனித்து இயங்கும் கல்வி அமைப்பு என்கிறது. அதே நேரம் இம்ப்ளாண்ட் தயாரிக்கும் ஸ்ட்ராமன் நிறுவனத்துடன் அதற்கு நீண்டகாலக் கூட்டுறவு உண்டு. இதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் விண்ணப்பிக்கும்போது மனதில் வைத்திருக்க வேண்டிய விஷயம். ஒரு ஆண்டு முழுக்க எந்தக் கருவியில் கை பழகுகிறதோ, ஊர் திரும்பிய பிறகும் கை அதைத்தான் தேடும். அதன் விலை நம்ம ஊர் நோயாளிக்குக் கட்டுப்படியாகுமா என்பது தனிக் கேள்வி.

அந்த ஓராண்டில் என்ன கிடைக்கும்?

தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேனைப் படித்துத் திட்டமிடுவது, எலும்பு போதாத இடத்தில் எலும்பை வளர்ப்பது, ஈறைச் சரிசெய்வது, பொருத்திய பிறகு ஆண்டுக்கணக்கில் பராமரிப்பது, இம்ப்ளாண்டைச் சுற்றி வரும் தொற்றைக் கையாள்வது என எல்லாவற்றையும் அனுபவசாலிகளின் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். ஆய்விலும் பங்கெடுக்கலாம். வார இறுதி கோர்ஸில் கிடைக்காத ஒன்றும் இதில் உண்டு: போட்ட இம்ப்ளாண்ட் தோற்றுப்போனால் என்ன செய்வது என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு.

ஆனால் நோயாளிக்கு நீங்களே சிகிச்சை செய்ய முடியுமா என்பது அந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. உரிமம் இல்லையென்றால் சில இடங்களில் உதவியாளராக, பார்வையாளராக மட்டுமே நிற்க வேண்டி வரலாம். விண்ணப்பிக்கும் முன் மையத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

என்ன கிடைக்காது?

ஒன்று, அங்கேயே தொழில் செய்யும் உரிமை. பிரிட்டனில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான ஓஆர்இ போன்ற தேர்வு, ஆஸ்திரேலியாவில் டென்டல் கவுன்சில் தேர்வு, அமெரிக்காவில் பெரும்பாலும் மீண்டும் இரண்டு மூன்று ஆண்டு பல் மருத்துவப் படிப்பு என ஒவ்வொரு நாட்டிலும் தனி வழி இருக்கிறது. ஸ்காலர்ஷிப் சான்றிதழ் அதற்கு மாற்று ஆகாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் விஷயம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. பாஸ்போர்ட் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் வாங்கிய பிடிஎஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற பட்டம். அதை வைத்துப் பிரான்சில் பல் மருத்துவம் செய்ய, அந்த நாட்டின் அறிவுச் சோதனைத் தேர்வு உள்ளிட்ட அனுமதி நடைமுறையைத் தாண்ட வேண்டும்.

இரண்டு, இந்தியாவில் நிபுணர் பட்டம். ஓராண்டு வெளிநாட்டுச் சான்றிதழ் மூன்றாண்டு எம்டிஎஸ்ஸுக்குச் சமம் ஆகாது. கல்லூரியில் ஆசிரியராகச் சேரவும், நிபுணர் என்று பதிவு பெறவும் எம்டிஎஸ் வேண்டும். 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய பல் மருத்துவ ஆணையம் அமைக்க 2023-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. எனவே வெளிநாட்டுத் தகுதிகள் பற்றிய விதிகளைப் பழைய சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், அப்போதைய அறிவிப்பைப் பார்ப்பது நல்லது.

இலங்கையில் எப்படி?

பக்கத்து நாட்டில் வேறு மாதிரி. அங்கே பல் மருத்துவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மேற்படிப்பு படிக்கும்போது, எம்டி தேர்வுக்குப் பிறகான வெளிநாட்டுப் பயிற்சி நிபுணர் ஆகும் பாதையிலேயே ஒரு படியாக இருக்கிறது. வெளிநாட்டில் கழிக்கும் காலம் கணக்கில் ஏறுகிறது. நம்மிடம் அந்த இணைப்பு இல்லை. அதனால் பட்டத்தையும் பயிற்சியையும் நாமே வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டவர் இங்கே வந்து படிக்கலாமா?

வரலாம். எம்டிஎஸ் என்றால் நீட் எம்டிஎஸ் தேர்வு தேவை. படிப்பு எதுவானாலும், இந்தியாவில் நோயாளிக்குச் சிகிச்சை செய்யப் பல் மருத்துவப் பதிவு வேண்டும். கல்லூரி தரும் சேர்க்கைக் கடிதம் மட்டும் போதாது. இந்திய அரசின் ஐசிசிஆர் உதவித்தொகை பல நாட்டு மாணவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். ஆனால் அது மருத்துவப் படிப்புகளுக்குக் கிடைப்பதில்லை.

அப்போ எது முதலில்?

பயிற்சி ஆசை, பட்டம் தேவை, இரண்டும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு எம்டிஎஸ்தான் முதலில் வர வேண்டும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அங்கேயும் மாத உதவித்தொகை உண்டு. அதற்குப் பிறகு போகும் ஓராண்டு, ஏற்கெனவே இருக்கும் தகுதியின் மேல் ஏறும். பட்டம் இல்லாமல் போனால் திறமை கூடும், ஆனால் தகுதி அதே பிடிஎஸ்தான். கிளினிக் மட்டுமே போதும் என்பவருக்கு அதுவும் தவறில்லை. தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்ணப்பிக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்:

• நான் நேரடியாகச் சிகிச்சை செய்வேனா, பார்வையிடுவேனா?
• உதவித்தொகையில் விசா, காப்பீடு, வீட்டு வாடகை அடங்குமா?
• கடைசியில் தருவது பல்கலைக்கழகப் பட்டமா, பங்கேற்புச் சான்றிதழா?
• பயிற்சிக்கு என்னிடம் கட்டணம் கேட்கிறீர்களா? கட்டணம் வாங்கிக்கொண்டு 'ஸ்காலர்ஷிப்' என்றால், அது பெரும்பாலும் தள்ளுபடிதான்.

நோயாளிகளுக்கு இதில் என்ன?

போர்டில் 'இம்ப்ளாண்டாலஜிஸ்ட்' என்று பார்த்தால் தயங்காமல் கேளுங்கள்: டாக்டர், நீங்க எம்டிஎஸ் எந்தத் துறை? இம்ப்ளாண்ட் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? போட்டது தோற்றால் யார் பார்ப்பாங்க? பிடிஎஸ் மட்டும் முடித்தவரும் நன்றாகச் செய்யலாம், பெரிய சான்றிதழ் மாட்டியவரும் சறுக்கலாம். ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் முகம் கோணாமல் பதில் சொல்பவரிடம் வாயைத் திறந்து உட்காருவது கொஞ்சம் நிம்மதி.