சாமையும் சவ்வரிசியும்

நைனார்பாளையம் என்னும் பெயரைக் கேட்டதும் நம் வாசகர்களுக்கு ஏதோ உறவினர் ஊரைக் கேட்டது போன்ற உணர்வு தோன்றக்கூடும். நயினார் என்பது தலைவர், பெருமகன் எனப் பொருள்படும் பழஞ்சொல். தமிழ்ச் சமணர் அதனைத் தம் குடிப்பெயராகவே கொண்டுள்ளனர். நம் கடற்கரை ஊர்களில் நயினார் முஹம்மது என்றும் நைனா என்றும் பெயர் சூட்டி அழைக்கிறோம். பாளையமோ படை தங்கிய இடத்தைக் குறிப்பது. இவ்விரு சொற்களும் கூடிய இவ்வூர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலம் வட்டத்தைச் சேர்ந்தது. வடமேற்கே கல்வராயன் மலைத்தொடர் நீலமாய்த் தெரியும் புன்செய்ச் சீமை.

2019 நவம்பரில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியின் பெயர் 2024 ஜூன் திங்களில் நாடெங்கும் பேசப்பட்டது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் கலந்த நஞ்சு அது. எனினும் கல்வராயன் என்றாலே காய்ச்சுமலை என்னும் அவப்பெயர் மேலும் தடித்துவிட்டது. அம்மக்கள் எதைக் குடித்து மாண்டனர் என்பதைச் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. எதை உண்டு வாழ்ந்தனர் என்பதை எழுதுவார் அரியர். இக்கட்டுரை அதைப் பற்றியது.

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் கண்ணில் முதலில் படுவது பிரியாணிக் கடைப் பலகையே. ஆம்பூரின் பெயர் அங்கும் வந்து சேர்ந்துவிட்டது. பயணம் செல்லும் நம்மவர் ஹலாலான கறி கிடைக்குமா என்று விசாரித்து உண்பது முறையே. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் புளியமரத்தடியில் மண்பானையில் கம்பங்கூழ் வைத்திருக்கும் அம்மையாரிடம் அந்த வினாவுக்கே இடமில்லை. தானியம், மோர், உப்பு, தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் அல்லது சின்ன வெங்காயம், அவ்வளவே. இச்சீமையின் உண்மையான உணவு விடுதி அதுதான். பலகை இல்லாமையால் நாம் அதைக் கடந்து போய்விடுகிறோம்.

கேழ்வரகுக் களியும் அவ்வாறே. கொதிக்கும் நீரில் மாவைத் தூவிக் கட்டி விழாமல் மரத்துடுப்பால் கிளறி, உருண்டையாய் எடுத்து, நடுவே குழித்துக் குழம்பூற்றி உண்பர். அரபு மொழி கற்றவர்களுக்கு இதைக் கண்டதும் 'அஸீதா' நினைவுக்கு வரும். மாவைக் கொதிநீரில் பிசைந்து கிளறி நெய்யோ தேனோ கறிச்சாறோ சேர்த்து உண்ணும் அந்த உணவு யமனிலும் சூடானிலும் இன்றும் அன்றாட உணவாக விளங்குகிறது. ஹதீஸ் தொகுப்புகளில் உணவுக்கெனத் தனி அத்தியாயங்களே உள்ளன. அவற்றை ஓதியவர்கள் எளிய தானிய உணவை இழிவாக எண்ண மாட்டார்கள். எனினும் நம் வீட்டு விருந்தில் களி வைத்தால் சம்பந்திகள் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்!

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பகுதியாய் வழங்கும். கோமுகி ஆறு இங்கிருந்து இறங்குகிறது. வெள்ளிமலை அதன் முக்கிய ஊர். அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர். கேரள மொழியோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்று பொருள் கூறுவர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று அவர்கள் சொல்லிக்கொள்கின்றனர். அவர்களுடைய அன்னம் சாமை. வானம் பார்த்த சரிவுகளில், உழவு மாடு ஏறத் தயங்கும் இடத்திலும் விளையும் சிறுதானியம் இது. சாமைச் சோறும் மொச்சையோ அவரையோ போட்ட குழம்பும் அவர்களுக்கு விருந்து. தினையும் தேனும் பலாவும் பருவந்தோறும் உடன் வரும்.

சாமையைப் புகழ்ந்து எழுதுவது எளிது, சோறாக்குவது எளிதன்று. கடுகினும் சற்றே பெரிய மணி. அதன் உமியோ இறுகப் பற்றியது. உரலில் இட்டுப் பலமுறை குத்தி, புடைத்து, மீண்டும் குத்தினால்தான் அரிசி பிரியும். அந்த உழைப்பெல்லாம் பெண்களின் தலையில் விழுந்தது. ஆகவே நியாயவிலைக் கடை மலையேறியபோது பெண்கள் நெல்லரிசியை வரவேற்றதில் வியப்பில்லை. தமிழகத்தில் ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 ஜூன் முதல் விலையின்றியும் வழங்கப்பட்டது. பசி தீர்ந்தது, அதை எவரும் மறுக்கலாகாது. சாமை விதைத்த சரிவுகளில் பல மரவள்ளிக்கு மாறின. 2023-ஐ உலக நாடுகள் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடின. அன்று நகரத்துக் கடைகளில் பளபளக்கும் பைகளில் சாமை நல்ல விலைக்கு விற்றது. விளைவித்தவன் ரேஷன் அரிசியையும் விளைவிக்காதவன் சாமையையும் உண்ணும் காலம் இது.

இம்மலையின் உணவைப் பேசும்போது அதன் அடிமைத்தளையையும் பேசாதிருக்க இயலாது. 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. ஜாகீர் என்னும் பாரசீகச் சொல்லுக்கு இடம் பிடித்தல் என்று பொருள். இடத்தைப் பிடித்தவர் அதில் வாழும் மக்களின் விளைவையும் உழைப்பையும் சேர்த்தே பிடித்தார். அரசு அப்பிடியை நீக்கிய அதே 1976-ஆம் ஆண்டில்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் நாட்டில் இயற்றப்பட்டது. அடுத்த நூற்றாண்டிலும் அம்மக்களின் நிலை போதிய அளவு உயரவில்லை. 2024 நிகழ்வுக்குப் பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது இதற்குச் சான்று.

இச்சீமையின் குழம்புக்குப் புளிப்பைத் தரும் புளி, நம் வரலாற்றோடு நெருங்கிய ஒன்று. அரபியர் இதற்கு இட்ட பெயர் 'தம்ரு ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. ஆங்கிலச் சொல்லும் அதன் திரிபே. பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழ்க் கரைக்கு வந்த இப்னு பதூதா, மதுரையில் கொள்ளைநோய் பரவியிருக்கக் கண்டார். அவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. இங்கே மிகுதியாகக் கிடைக்கும் புளியை நீரில் கரைத்துக் குடித்ததாகவும், மூன்று நாள் வயிறு கழிந்து இறையருளால் குணமடைந்ததாகவும் தம் பயண நூலில் அவரே கூறுகிறார். உலகம் சுற்றிய அப்பெரியார் நம் நாட்டில் உயிர் பிழைத்தது புளிக்கரைசலால் என்பதைப் புளிக்குழம்பு உண்ணும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கடுக்காய் பற்றியும் ஒரு சொல். கல்வராயன் காட்டில் கிடைக்கும் இக்காயை அரபு மருத்துவ நூல்கள் 'இஹ்லீலஜ்' என்கின்றன. ஹக்கீம்கள் தரும் 'இத்ரீஃபல்' என்னும் லேகியத்தின் பெயர், நம் திரிபலா அரபு நாவில் ஏறி மீண்டு வந்ததே. வயிற்றுக்கு மருந்தான இதே காய் தோல் பதனிடவும் பயன்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் ஈடுபட்ட நம் குடும்பங்களின் முன்னோருக்குக் கடுக்காய் மூட்டை பழகிய பொருள். காட்டில் பொறுக்கிய கைகளுக்குக் கிடைத்த கூலி சொற்பம். சிறு வனப்பொருள்களின் மீது பழங்குடியினருக்குள்ள உரிமையைச் சட்டம் ஏற்றதே 2006-இல்தான்.

இனி இவ்வட்டாரத்தின் இன்றைய முகமான சவ்வரிசி. இதன் பெயரிலேயே ஒரு கடற்பயணம் அடங்கியிருக்கிறது. சாவகம் என்னும் ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பதால் ஜாவா அரிசி; அதுவே சவ்வரிசி, ஜவ்வரிசி என்றாயிற்று. அக்காலச் சவ்வரிசி மலாய்த் தீவுகளின் சாகோ பனையின் சோற்றிலிருந்து செய்யப்பட்டது. நம் மரைக்காயர்களின் கப்பல்கள் துணி கொண்டுபோய்ப் பாக்கும் வாசனைப் பொருள்களும் கொண்டுவந்த கடல்வழி அதுவே. மரவள்ளியோ தென் அமெரிக்காவில் தோன்றிப் போர்ச்சுக்கீசியர் வழியே வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஏழைகளின் பசிக்கு மாற்றாக அதைப் பரப்பினார்.

இரண்டும் ஒன்றானது போரினால். 1942-இல் மலாயா, சிங்கப்பூர், ஜாவா யாவும் ஜப்பானியர் வசமாயின. சவ்வரிசியும் நெசவாலைக்கு வேண்டிய மாவும் வருவது நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்பவரும் போபட்லால் ஷா என்பவரும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அவற்றைச் செய்யத் தொடங்கினர். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, நீரில் கரைத்து வடித்து, தொட்டியில் பால் படியவிட்டு, படிந்த மாவைத் துணியிலிட்டுக் குலுக்கினால் முத்து முத்தாய்த் திரளும். அதைச் சூடான தட்டில் வறுத்து வெயிலில் உலர்த்துவர். மரவள்ளியின் சில வகைகளில் நஞ்சு மிகுதி. அதைப் போக்குவதும் இந்தக் கழுவலும் சூடுமே. சேலத்தில் பிறந்த தொழில் ஆத்தூரைக் கடந்து சின்னசேலம் பகுதிக்கும் பரவியது. 1981-இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பாகச் சேகோசர்வ் சேலத்தில் உருவாயிற்று.

ஆக, நோன்புக் காலத்தில் நாம் காய்ச்சும் சவ்வரிசிக் கஞ்சியும், பெருநாள் பாயசமும், மொட்டைமாடியில் காயும் வடகமும் ஜாவாவின் பெயரும் அமெரிக்காவின் கிழங்கும் கல்வராயன் அடிவாரத்து மண்ணும் கலந்தவை. ஆனால் உழவன் கையில் வருவதோ ஆலையில் மாவுச்சத்தை அளந்து தீர்மானிக்கும் விலை. மக்காச்சோள மாவின் கலப்படம் மலிந்தால் அந்த விலையும் சரியும். வெள்ளை வெளேரென்று இருப்பதையே நல்ல சவ்வரிசி என்று நம் இல்லத்தரசியர் தேர்ந்தெடுப்பதால் வெளுப்பதற்கு வேதிப்பொருள் சேர்க்கும் பழக்கமும் வளர்ந்தது. சற்று மங்கிய நிறமுள்ளதைக் கேட்டு வாங்கினால் ஆலைகளும் மாறும்.

2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரில் சேலம் இருக்கிறது. நைனார்பாளையத்தைச் சுற்றிய மானாவாரிக் கொல்லைகளில் ஏறத்தாழப் பத்து மாதம் காத்திருந்து கிழங்கு பிடுங்கும் குடும்பங்கள் அவ்வட்டாரத்துச் சந்தைகளில் அதே கிழங்கை அவித்து, உப்பும் மிளகாயும் தொட்டு உண்கின்றன. அவ்வழியே செல்லும் அன்பர்கள் வண்டியை நிறுத்தி ஒரு பொட்டலம் வாங்கிப் பார்க்கலாம். சூடாக இருக்கும்போதே உண்ண வேண்டும், ஆறினால் இறுகிவிடும்.