கிரீன் பே பாக்கர்ஸ்: குவாட்டர்பேக் பரிமாற்றங்களும் ரசிகர் விவாதங்களும்

கிரீன் பே பாக்கர்ஸ் என்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கிரீன் பே நகரைச் சேர்ந்த அமெரிக்கக் கால்பந்து அணியாகும். 1919ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவ்வணி, என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக்கின் மிகப் பழைய அணிகளுள் ஒன்று. தனி முதலாளி இல்லாமல், ரசிகர்களே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் ஒரே என்.எஃப்.எல். அணியும் இதுவே. இவ்வணி தன் வரலாற்றில் பலமுறை குவாட்டர்பேக் வீரர்களைப் பிற அணிகளிடமிருந்து பெற்றும், பிற அணிகளுக்குக் கொடுத்தும் உள்ளது. அவற்றுள் 1974, 1992, 2008, 2023 ஆகிய ஆண்டுகளில் நடந்த நான்கு பரிமாற்றங்கள் அணியின் போக்கையே மாற்றின. அவற்றையும், அவை ரசிகர்களிடையே எழுப்பிய விவாதங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

குவாட்டர்பேக்கும் வீரர் பரிமாற்றமும்

அமெரிக்கக் கால்பந்து, உலகின் பிற பகுதிகளில் ஆடப்படும் கால்பந்திலிருந்து வேறுபட்டது. இதில் பந்தைக் கையால் எறிந்தும், ஏந்தி ஓடியும் எதிரணியின் எல்லையைக் கடக்க வேண்டும். களத்தில் ஓர் அணிக்கு 11 பேர் இருப்பர். தாக்கும் அணியில் ஏறத்தாழ ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலும் பந்தை முதலில் பெறுபவர் குவாட்டர்பேக். அதை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று சில நொடிகளில் முடிவு செய்பவரும் அவரே. நல்ல குவாட்டர்பேக் இல்லாத அணி கோப்பையை வெல்வது அரிது என்பதால், வேறு எந்த இடத்தையும் விட இந்த இடத்தைப் பற்றியே ரசிகர்கள் அதிகம் விவாதிக்கின்றனர்.

என்.எஃப்.எல். பருவம் செப்டம்பரில் தொடங்கி, பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியுடன் முடிகிறது. எஞ்சிய மாதங்களில் போட்டிகள் இல்லாவிட்டாலும், அணிகளின் அமைப்பு அப்போதுதான் மாறுகிறது. ஒப்பந்தம் முடிந்த வீரர்களைப் பிற அணிகள் எடுத்துக்கொள்கின்றன. ஏப்ரலில் டிராஃப்ட் எனப்படும் புதிய வீரர் தேர்வு நடக்கிறது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு இதில் முன்னுரிமை கிடைக்கும். இந்தத் தேர்வு உரிமையை ஓர் அணி வேறோர் அணிக்கு விட்டுக்கொடுக்கலாம். எனவே ஒரு வீரரைப் பெறும் அணி, பெரும்பாலும் பணத்திற்குப் பதிலாகத் தன் வருங்காலத் தேர்வு உரிமைகளையே விலையாகக் கொடுக்கிறது. 1994 முதல் ஒவ்வோர் அணியின் மொத்த ஊதியத்திற்கும் உச்சவரம்பு உள்ளது. ஆகவே ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால், இன்னொருவருக்குக் கொடுக்க முடியாமல் போகும்.

ரசிகர்களின் உடைமை

கர்லி லாம்போ, ஜார்ஜ் கல்ஹூன் ஆகியோர் இவ்வணியைத் தொடங்கினர். லாம்போ வேலை பார்த்த இறைச்சி பதப்படுத்தும் நிறுவனம் சீருடைக்குப் பணம் தந்ததால் பாக்கர்ஸ் என்ற பெயர் ஏற்பட்டது. அணி பண நெருக்கடியில் சிக்கியபோது, 1923இல் ஒரு பங்கு 5 டாலர் என்ற விலையில் ஊர் மக்களுக்குப் பங்குகள் விற்கப்பட்டன. பின்னர் 1935, 1950, 1997, 2011, 2021 ஆகிய ஆண்டுகளிலும் பங்கு விற்பனை தொடங்கப்பட்டது. இப்போது பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் அதிகம். கிரீன் பே நகரின் மக்கள்தொகையோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும்.

இந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. சந்தையில் இதை விற்கவும் முடியாது. பங்குதாரர் ஆண்டுக் கூட்டத்தில் கலந்துகொண்டு இயக்குநர் குழுவுக்கு வாக்களிக்கலாம். ஆனால் யாரை அணியில் சேர்ப்பது, யாரை விடுவிப்பது என்பதில் அவருக்கு வாக்கு இல்லை. அம்முடிவுகளைப் பொது மேலாளரே எடுக்கிறார். அணி எங்களுடையது என்ற உணர்வும், முடிவு எங்கள் கையில் இல்லை என்ற நிலையும் ஒன்றாக இருப்பதே கிரீன் பே ரசிகர் விவாதங்களின் தனித்தன்மை.

1974: ஜான் ஹேடல்

பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி, குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார் ஆகியோரின் காலத்தில், 1961க்கும் 1967க்கும் இடையில் பாக்கர்ஸ் ஐந்து முறை லீக் பட்டம் வென்றது. முதல் இரண்டு சூப்பர் பவுல் போட்டிகளையும் வென்றது. ஸ்டார் ஓய்வு பெற்ற பின் அவர் இடத்திற்கு ஏற்ற வீரர் அமையவில்லை.

1974 அக்டோபரில், பருவத்தின் நடுவே, பயிற்சியாளரும் பொது மேலாளருமான டான் டிவைன் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியிடமிருந்து ஜான் ஹேடலைப் பெற்றார். ஹேடலுக்கு அப்போது வயது 34. விலையாக 1975ஆம் ஆண்டின் முதல் மூன்று சுற்றுத் தேர்வுகளும், 1976இன் முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகளும் கொடுக்கப்பட்டன. முந்தைய ஆண்டில் சிறப்பாக ஆடியிருந்த ஹேடல், கிரீன் பேயில் 9 டச்டவுன் எறிதல்களையே செய்தார். எதிரணியினர் இடைமறித்துப் பறித்த அவருடைய எறிதல்களோ 29. அந்தப் பருவம் முடிந்ததும் டிவைன் வேறு பணிக்குச் சென்றுவிட்டார். அடுத்துப் பயிற்சியாளராக வந்த பார்ட் ஸ்டாருக்கு, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்க இரண்டு ஆண்டுகளுக்கு முக்கியமான உரிமைகள் இல்லாமல் போயின.

1973 முதல் 1992 வரையிலான 20 பருவங்களில் பாக்கர்ஸ் ஒரே ஒருமுறைதான், 1982இல், பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. இதற்கு ஒரு பரிமாற்றம் மட்டுமே காரணமன்று. எனினும் அவசரத்தில் வருங்காலத்தை விற்றதன் எடுத்துக்காட்டாக ஹேடலின் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது.

1992: பிரெட் ஃபார்வ்

1991 இறுதியில் ரான் வுல்ஃப் பொது மேலாளரானார். 1992 பிப்ரவரியில், தம் முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டில் ஒன்றை அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்குக் கொடுத்து, பிரெட் ஃபார்வ் என்ற 22 வயது குவாட்டர்பேக்கைப் பெற்றார். ஃபார்வ் முந்தைய பருவத்தில் நான்கு முறை மட்டுமே பந்தெறிந்திருந்தார். ஒன்றுகூடச் சக வீரர் கைக்குச் சேரவில்லை. இரண்டை எதிரணியினர் பறித்தனர். ஓராண்டுக்கு முன் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட வீரருக்கு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுப்பது அதிக விலையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் வுல்ஃப், 1991இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் பணியாற்றியபோதே ஃபார்வைத் தேர்ந்தெடுக்க விரும்பியவர். ஜெட்ஸின் முறை வருவதற்கு ஓர் இடம் முன்னால் அட்லாண்டா அவரை எடுத்துக்கொண்டிருந்தது.

1992 செப்டம்பரில் டான் மஜ்கௌஸ்கி காயமடைந்ததால் ஃபார்வ் களமிறங்கினார். அதன்பின் கிரீன் பேக்காகத் தொடர்ந்து 253 லீக் போட்டிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடக்க வீரராக ஆடினார். 1993இல் தற்காப்பு வீரர் ரெஜி வைட் ஒப்பந்தமானதும் அணியின் பலம் கூடியது. 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது ஃபார்வுக்குக் கிடைத்தது. மூன்றாவதை பேரி சாண்டர்ஸுடன் பகிர்ந்துகொண்டார். 1997 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியை 35-21 என வென்று பாக்கர்ஸ் சூப்பர் பவுல் கோப்பையைக் கைப்பற்றியது.

2008: ஃபார்வின் வெளியேற்றம்

2005இல் பொது மேலாளராக வந்த டெட் தாம்சன், அவ்வாண்டு டிராஃப்டின் 24ஆவது தேர்வாக ஏரன் ராட்ஜர்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார். ஃபார்வ் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மாற்று ஆள் எடுக்கப்பட்டது முதல் கருத்து வேறுபாட்டை உண்டாக்கியது. தாம்சன் பெயர்பெற்ற வீரர்களை வாங்குவதைவிட இளைஞர்களை எடுத்து வளர்ப்பதையே விரும்பினார். 2007இல் பந்து பிடிக்கும் வீரரான ராண்டி மாஸ் அணிக்கு வர வேண்டும் என்று ஃபார்வ் விரும்பினார். ஆனால் நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கொடுத்து நியூ இங்கிலாந்து அவரைப் பெற்றது. அப்பருவத்தில் மாஸ் 23 டச்டவுன்களைப் பிடித்துச் சாதனை படைத்தார். தாம்சனின் சிக்கனத்தைக் குறைகூறியவர்களுக்கு இது கையில் கிடைத்த சான்றாயிற்று.

அதே பருவத்தில் பாக்கர்ஸ் 13 வெற்றி, 3 தோல்வி என முன்னேறியது. 2008 ஜனவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியுடனான அரையிறுதிக்கு ஒப்பான போட்டியில், கூடுதல் நேரத்தில் ஃபார்வின் எறிதல் பறிபோக, அணி 23-20 எனத் தோற்றது. மார்ச்சில் அவர் கண்ணீருடன் ஓய்வை அறிவித்தார். ஜூலையில் மீண்டும் ஆட விரும்புவதாகக் கூறினார். அதற்குள் ராட்ஜர்ஸைத் தொடக்க வீரராக வைத்துத் திட்டமிட்டிருந்த நிர்வாகம், பழைய இடத்தை அவருக்குத் தர மறுத்தது. அவர் கேட்டபடி அணியிலிருந்து விடுவிக்கவும் மறுத்தது. விடுவித்தால் பகை அணியான மினசோட்டா வைக்கிங்ஸுக்குச் சென்றுவிடுவார் என்பதே காரணம்.

அந்தக் கோடையில் விஸ்கான்சின் முழுவதும் இரு தரப்பாகப் பிரிந்தது. 16 ஆண்டுகள் அணியைத் தூக்கி நிறுத்தியவரை வாசலில் நிறுத்துவது நன்றிகெட்ட செயல் என்றும், கோப்பைக்கு ஓர் அடி தூரத்தில் இருந்த அணி அனுபவமற்ற ஒருவரை நம்பக் கூடாது என்றும் ஒரு தரப்பு வாதிட்டது. 38 வயது வீரர் ஆண்டுதோறும் ஓய்வு பற்றி மனம் மாறும்போது அணி எப்படித் திட்டமிட முடியும் என்றும், மூன்று ஆண்டுகள் காத்திருந்த ராட்ஜர்ஸை இனியும் உட்காரவைத்தால் அவரையும் இழக்க நேரிடும் என்றும் மறு தரப்பு கூறியது. ஃபார்வின் ஆதரவாளர்கள் லாம்போ மைதானத்தின் முன் கூடினர். ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கு நடந்த பொதுப் பயிற்சியில், எந்தத் தவறும் செய்யாத ராட்ஜர்ஸைப் பார்த்துச் சில ரசிகர்கள் கூச்சலிட்டனர்.

சில நாள்களில் ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். ஈடாகக் கிடைத்த தேர்வின் தரம் அவர் ஆடுவதைப் பொறுத்தது எனப் பேசப்பட்டது. இறுதியில் அது 2009இன் மூன்றாம் சுற்றுத் தேர்வாயிற்று.

தீர்ப்பு மாறிய மூன்று ஆண்டுகள்

2008 பருவத்தின் பெரும்பகுதியில் ஃபார்வின் ஆதரவாளர்கள் சொன்னதே சரி என்று தோன்றியது. ஜெட்ஸ் முதல் 11 போட்டிகளில் 8ஐ வென்றது. பாக்கர்ஸ் 6 வெற்றி, 10 தோல்வியுடன் பருவத்தை முடித்தது. ஆனால் கடைசி ஐந்து போட்டிகளில் நான்கில் தோற்ற ஜெட்ஸும் பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை.

2009இல் ஃபார்வ் வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். நிர்வாகம் அஞ்சியதே நடந்தது. நவம்பர் 1 அன்று ஊதா நிறச் சீருடையில் லாம்போ மைதானத்துக்கு வந்தவரை, ஒருகாலத்தில் கொண்டாடிய அதே கூட்டம் இகழ்ந்து கூச்சலிட்டது. அன்று வைக்கிங்ஸ் 38-26 என வென்றது. அப்பருவத்தில் பாக்கர்ஸுடனான இரு போட்டிகளிலும் வென்றது ஃபார்வின் அணியே. அன்று வாக்கெடுப்பு நடந்திருந்தால் தாம்சனுக்குச் சாதகமாக எத்தனை கைகள் உயர்ந்திருக்கும் என்பது ஐயமே.

ஆனால் 2011 பிப்ரவரி 6 அன்று பாக்கர்ஸ் 31-25 எனப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை வென்று சூப்பர் பவுல் கோப்பையைப் பெற்றது. ஆட்டநாயகன் ராட்ஜர்ஸ். ஃபார்வுக்கு ஈடாகக் கிடைத்த மூன்றாம் சுற்றுத் தேர்வும் இதில் பங்கு வகித்தது. 2009 டிராஃப்டில் தாம்சன் அதை வேறு இரு தேர்வுகளுடன் சேர்த்து நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து, முன்னேறி 26ஆவது இடத்தில் கிளே மேத்யூஸ் என்ற தற்காப்பு வீரரை எடுத்திருந்தார். அந்த இறுதிப் போட்டியின் நான்காம் கால் பகுதித் தொடக்கத்தில், எதிரணி வீரர் பந்தைத் தவறவிடும்படி மோதியவர்களில் மேத்யூஸும் ஒருவர். அன்று டச்டவுன் பிடித்த கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன் ஆகியோரும் தாம்சன் இரண்டாம் சுற்றுகளில் எடுத்தவர்களே. பரபரப்பான ஒரு செய்தியை ரசிகர்கள் விவாதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், கவனத்துக்கு வராத பல சிறு முடிவுகள் இந்த அணியை உருவாக்கியிருந்தன.

2015இல் ஃபார்வின் 4ஆம் எண் சீருடைக்கு ஓய்வளிக்கும் விழா நடந்தபோது, போட்டி எதுவும் இல்லாத நாளிலும் லாம்போ மைதானத்தில் 67,000 பேர் திரண்டு அவரை வாழ்த்தினர்.

2023: மீண்டும் அதே வழி

வரலாறு ஏறத்தாழ அப்படியே திரும்பியது. 2020இல் பொது மேலாளர் பிரையன் குட்கன்ஸ்ட், 26ஆவது தேர்வாக ஜோர்டன் லவ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார். ராட்ஜர்ஸுக்கு உதவியாகப் பந்து பிடிப்பவரை எடுத்திருக்கலாமே என்று ரசிகர்கள் பலர் கோபப்பட்டனர். அடுத்த இரண்டு பருவங்களிலும் ராட்ஜர்ஸ் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்று அக்கோபத்துக்கு வலுச் சேர்த்தார். ஆயினும் 2023 ஏப்ரலில், 39 வயதில், அவரும் நியூயார்க் ஜெட்ஸுக்கே அனுப்பப்பட்டார். லவ்வும் ராட்ஜர்ஸைப் போலவே மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர்.

2023 செப்டம்பரில் தம் முதல் போட்டியின் நான்காவது ஆட்டத்திலேயே ராட்ஜர்ஸ் குதிகால் நரம்பு அறுந்து, அப்பருவம் முழுவதையும் இழந்தார். லவ் தலைமையில் பாக்கர்ஸ் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்று, டல்லஸ் கவ்பாய்ஸ் அணியை 48-32 என அதன் சொந்த மைதானத்திலேயே வென்றது. இம்முறை 2008 அளவுக்குக் கசப்பு எழவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததை ரசிகர்கள் பார்த்திருந்தனர்.

மதிப்பீடு

நான்கு பரிமாற்றங்களிலும் அணி கொடுத்த விலையும் அடைந்த பயனும் அந்தந்த நாளில் வேறாகவும், சில ஆண்டுகள் கழித்து வேறாகவும் தெரிந்தன. புகழ்பெற்ற ஹேடலுக்குக் கொடுத்தது வீணாயிற்று. ஒரு பந்தைக்கூடச் சரியாகச் சேர்க்காத ஃபார்வுக்குக் கொடுத்தது பலமடங்காகத் திரும்பியது. இதனால் மேலாளர்கள் எப்போதும் சரி, ரசிகர்கள் எப்போதும் தவறு என்று ஆகிவிடாது. டிவைனும் ஒரு மேலாளரே. அவர் விட்டுச்சென்ற இழப்பைப் பல ஆண்டுகள் சுமந்தவர்கள் கிரீன் பே மக்கள்.

பொது மேலாளரும் பயிற்சியாளரும் சில ஆண்டுகளில் மாறுகின்றனர். வீரர்கள் அதற்கும் விரைவாக மாறுகின்றனர். ரசிகர் அந்த ஊரிலேயே இருக்கிறார். பங்குச் சான்றிதழைக் குடும்பத்தினருக்கு வழங்கலாம் என்பதால், அது பல வீடுகளில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கிறது. ஒரு பரிமாற்றத்தின் முழு விளைவையும் அனுபவிப்பவர்கள் அவர்களே என்பதால், வாக்குரிமை இல்லாத இந்த விஷயத்திலும் ஒவ்வோர் ஆண்டும் அவர்களுடைய விவாதம் தொடர்கிறது.