இக்கரையும் அக்கரையும்



"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். அந்தப் பழமொழிக்குப் பொருத்தமாக ஓர் ஊரைக் காட்டு என்றால் நான் பினாங்கைத்தான் காட்டுவேன். இங்கே கரை இரண்டு, நடுவிலே கடல். தீவில் இருப்பவருக்குப் பட்டர்வொர்த் அக்கரை. பெருநிலத்தில் இருப்பவருக்கு ஜோர்ஜ்டவுன் அக்கரை. பெருநிலப் பகுதிக்குச் செபராங் பிறை என்று பெயர். செபராங் என்ற மலாய்ச் சொல்லுக்கே 'எதிர்க்கரை' என்றுதான் பொருள்.

அக்கரையில் ஒரு தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பவன் நான். பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் இருந்த தோட்டம் போய்விட்டது. பாயான் பாரு பிள்ளைகளுக்காகப் பினாங்கு வரலாற்றைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, ஆண்டுக் கணக்கை மட்டும் அடுக்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் இந்த ஊரை எப்படிப் பார்த்தார்கள், உள்ளே இருந்து வாழ்ந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லலாம் என்று தோன்றியது. இரண்டும் ஒன்றுபோல் இல்லை. அந்த வேறுபாட்டில்தான் நம் வரலாறு ஒளிந்துகொண்டிருக்கிறது.

லைட் துரை எழுதிய கணக்கு

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைக் கைப்பற்றிக் கொடியேற்றினார். தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்றும், பட்டணத்துக்குத் தம் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் ஜோர்ஜ்டவுன் என்றும் பெயர் சூட்டினார். ஆனால் மக்கள் என்னமோ 'பூலாவ் பினாங்' என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துரை வைத்த தீவின் பெயர் காகிதத்தோடு போயிற்று. மக்கள் வாயில் இருந்த பெயர் நின்றது.

1794இல் லைட் தம் மேலதிகாரிகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைப் பற்றியும் எழுதினார். ஏறக்குறைய ஆயிரம் பேர் இங்கே குடியிருக்கிறார்கள். கடை வைத்திருக்கிறார்கள், கூலி வேலை செய்கிறார்கள். சிலர் குடும்பத்தோடு இருக்கிறார்கள் என்கிறார். அது போக, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரமோ வேலையோ செய்து, சில வெள்ளிகள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்றும் குறித்திருக்கிறார்.

வருகிறவன், சம்பாதிக்கிறவன், போகிறவன். தமிழனைப் பற்றி வெள்ளைக்காரர் மனத்தில் பதிந்த படம் இதுதான். அதற்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகள் இந்தப் படம் மாறவேயில்லை என்றால் மிகையாகாது.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தச் சோழமண்டலக் கரையார் கெடாவில் நெடுங்காலமாக வாழ்ந்தவர்கள், அவர்களில் சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்பதையும் லைட்டே எழுதுகிறார். லைட் வருமுன் பினாங்குத் தீவும் கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஆக, கெடாவில் பிறந்த தமிழனை, எட்டு வருடத்துக்கு முன் வந்து இறங்கிய ஆங்கிலேயர் 'வெளியூரான்' கணக்கில் எழுதிக்கொண்டார்! இது எப்படி இருக்கிறது? இராசேந்திர சோழன் 1025இல் கப்பற்படை அனுப்பிய கடாரம் இந்தக் கெடாதான் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். அந்தப் பழங்கதையை விட்டுவிட்டாலும், லைட்டின் சொந்த அறிக்கையே சான்றாக நிற்கிறது.

சிறையாகத் தெரிந்த தீவு

வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் பினாங்கு அழகுத்தீவு. குளிர்ந்த மலை, தென்னஞ்சோலை, பல இனமும் கலந்த கடைவீதி. இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி 1879இல் இந்தப் பக்கம் வந்து, பார்த்ததையெல்லாம் 1883இல் புத்தகமாக வெளியிட்டார். பினாங்கில் அவர் தங்கியது சில நாள்தான்.

அதே தீவு வேறு சிலருக்கு எப்படித் தெரிந்தது? சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இளம் பையன். அவரையும் எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளையும் கம்பெனியார் 1802இல் நாடு கடத்தினார்கள். எங்கே? இந்தப் பினாங்குக்குத்தான். அவர்கள் கண்ணுக்கு இந்தத் தென்னஞ்சோலை எப்படிப் பச்சையாகத் தெரியும்? இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் பல பத்தாண்டுகள் இங்கே சாலை போட்டார்கள், கால்வாய் வெட்டினார்கள். இன்று நாம் வண்டியோட்டிப் போகும் பழைய சாலைகளில் அவர்கள் உழைப்பும் கலந்திருக்கிறது.

பாயான் பாரு பிள்ளைகளே, இதற்காக நீங்கள் ஜோர்ஜ்டவுன் வரை போக வேண்டாம். உங்கள் அடுக்குமாடி வீட்டு மேல்மாடியில் நின்று கிழக்கே பாருங்கள். கடலிலே காடடர்ந்த ஒரு சிறு தீவு தெரியும். அது ஜெரெஜாக் தீவு. 1868இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு வந்தது. 1875இல் நோய்த்தடுப்பு முகாம் வந்தது. கப்பலில் வந்த தமிழ்த் தொழிலாளர்களை அங்கே இறக்கி, நோயில்லை என்று உறுதியான பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 1969 முதல் 1993 வரை அது சிறைச்சாலை. நம்மில் பலருடைய பூட்டனும் பூட்டியும் இந்த நாட்டில் முதன்முதலாக மண்ணை மிதித்தது அந்தத் தீவாகவும் இருக்கலாம். நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், ஆனால் பார்த்ததுண்டா?

தோட்டத்துக் கண்ணும் டவுன் கண்ணும்

வெளியார், உள்ளூரார் என்கிற வேறுபாடு வெள்ளைக்காரனுக்கும் தமிழனுக்கும் நடுவில் மட்டும் இருந்ததில்லை. நமக்குள்ளேயே இருந்தது. தோட்டத்து லயத்தில் இருந்தவர்களுக்குப் பினாங்கு என்றால் தீபாவளிச் சேலை, சினிமா, தண்ணீர்மலைத் தைப்பூசம். "டவுன்காரங்களுக்கு என்ன குறை? கரண்டு இருக்கு, பைப்புத் தண்ணி இருக்கு, பெரட்டு கிடையாது" என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன்.

டவுன்காரர்களைக் கேட்டால் கதை வேறு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், நகராட்சியில் சாலை கூட்டியவர்கள், ஒரே கடைவீட்டின் மேல்மாடியில் பலகை அடித்துப் பிரித்துக்கொண்டு நாலைந்து குடும்பமாக இருந்தவர்கள். "தோட்டத்துல வீடாச்சும் சும்மா கிடைக்கும், இங்க மாசம் பொறந்தா வாடகை" என்பது அவர்கள் பேச்சு. இன்று உலகமே தேடி வந்து சாப்பிடும் நாசி கண்டார், அந்த நாளில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடிபோல் தோளில் தூக்கிக்கொண்டு உழைப்பாளிகளுக்கு விற்ற சோறு. சுவைத்தவனுக்கு ருசி ஞாபகம். சுமந்தவனுக்குத் தோள்வலி ஞாபகம்.

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படப்பெட்டிகளுக்கு அலகு மட்டும்தான் தெரியும். ஊர்க்காரர்களுக்குத் தெரிவது வேறு: தண்ணீர்ப் பந்தலுக்கு அரிசி பருப்பு சேர்த்தவர் யார், 1894 முதல் வலம்வரும் நகரத்தார் வெள்ளி ரதம் எத்தனை மணிக்கு எந்தச் சாலைக்கு வரும், ரதத்தின் முன்னே தேங்காய்களை மலையாகக் குவித்து உடைக்கும் சீன அன்பர்கள் யார் யார் என்பதெல்லாம்.

1941: போனவர் யார், இருந்தவர் யார்?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுன்மீது குண்டுமழை பொழிந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அடுத்த சில நாள்களில் ஐரோப்பியர்கள் கப்பலேறித் தெற்கே போய்விட்டார்கள். 155 ஆண்டுகள் ஆண்டவர்கள், ஊரையும் ஊர் மக்களையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

கேட்பாரற்ற அந்த ஊரில் கொள்ளை நடந்தது, பிணங்கள் கிடந்தன. அப்போது எல்லா இனத்தாரும் சேர்ந்து ஒரு சேவைக் குழு அமைத்து ஊரைக் காத்தார்கள். அதற்குத் தலைமை ஏற்றவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆங்கில நாளேட்டின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். கோர்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர்தான். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலிவழி ஜப்பானியருக்கு அறிவிக்கவும் ஏற்பாடு செய்தார்.

லைட்டின் கணக்கை இப்போது திரும்பப் பாருங்கள். "சில வெள்ளி சேர்த்துக்கொண்டு போகிறவர்கள்" என்று யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களும், மலாய்க்காரர்களும், சீனர்களும் இருந்தார்கள். எழுதியவரின் வழிவந்தவர்கள் போனார்கள். ஊர்க்காரன் யார் என்ற கேள்விக்கு அந்த டிசம்பர் ஒரு பதில் சொல்லிவிட்டது.

கிளியின் புதிய கூடு

1969இல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பிய குடும்பங்கள் தவித்தன. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகிய அந்தக் காலத்தில், முதலமைச்சர் லிம் சொங் இயூ தலைமையில் 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானிய மின்னணு ஆலைகள் வந்தன. வயல்வெளிகள் ஆலைகளாயின. அந்த ஆலைகளுக்குப் பக்கத்தில் எழுந்த புதுநகர்தான் பாயான் பாரு. பாயான் என்றால் கிளி. பாரு என்றால் புதிது.

வெளியார் கண்ணுக்கு அது 'கீழை நாட்டுச் சிலிக்கன் பள்ளத்தாக்கு'. உள்ளே இருந்தவர்களுக்கு அது மூன்று ஷிப்ட். விடியுமுன் ஆலைப் பேருந்துக்காக ரோட்டோரம் நின்ற பெண்களில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்து குனிந்து அவர்கள் கண் மங்கியது. ஆனால் அவர்கள் சம்பளத்தில்தான் தம்பி தங்கைகள் படித்தார்கள். 1985இல் பினாங்குப் பாலம் திறந்ததும் இக்கரையும் அக்கரையும் இன்னும் நெருங்கின.

டவுன் என்ன ஆயிற்று? வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பழைய கடைவீடுகளின் வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிளோட்டும் பிள்ளைகளின் ஓவியம் வந்தது. இன்று பயணிகள் வரிசையில் நின்று அதனோடு படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஓவியப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் சைக்கிள் ஓட்டி வளர்ந்த பிள்ளைகளின் குடும்பங்களில் பலவும் பாயான் பாரு மாதிரி புதுநகர்களுக்குப் போய்விட்டன.

இரண்டு கண்ணும் வேண்டும்

இதனால் வெளியார் பார்வை எல்லாமே தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். லைட் எழுதிவைத்ததால்தானே அந்த ஆயிரம் பேரைப் பற்றி இன்று நமக்குத் தெரிகிறது? நம்மவர்கள் கோயில் கட்டினார்கள். 1833ஆம் ஆண்டுக் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் இன்றும் சாட்சி. பள்ளிவாசல் கட்டினார்கள், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாட்சி. ஆனால் தங்கள் வாழ்க்கையை எழுதிவைத்தவர்கள் மிகச் சிலரே. தினமும் பார்ப்பதை யார் எழுதுவார் என்று இருந்துவிட்டார்கள். எழுதாதவன் கதையை அடுத்தவன்தான் எழுதுவான். அவன் பார்த்த வரையில்தான் எழுதுவான்.

இந்த நாட்டில் தமிழ்க் கல்வி தொடங்கியதும் இதே தீவில்தான். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. 2016இல் அதன் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். இத்தனை காலம் படித்த தமிழ், நம் வீட்டுக் கதையை எழுத உதவ வேண்டாமா?

ஆகவே மாணவர்களே, இன்று பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். "பாட்டி, நீங்க எந்தத் தோட்டத்துல இருந்து, இல்ல எந்தத் தெருவுல இருந்து இங்க வந்தீங்க? முதல் சம்பளம் எவ்வளவு? ஏன் அங்கேருந்து கிளம்பினீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் "அதெல்லாம் ஒரு கதையா, போடா" என்பார்கள். விடாதீர்கள். மறுபடியும் கேளுங்கள். அவர்கள் சொல்லுகிற சொல்லிலேயே எழுதுங்கள். இலக்கணம் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். அடுத்த ஆண்டு மலருக்கு என்னைப் போன்ற அக்கரைக்காரர்களிடம் கட்டுரை கேட்க வேண்டிய தேவை மலர்க்குழுவினருக்கு வரக்கூடாது. உங்கள் நோட்டுப் புத்தகங்களே போதுமானதாக இருக்க வேண்டும்.