மூடிய கதவுகளும் ஓடிய கார்களும்

யாழ்ப்பாணத்தில் கார் பற்றிக் கதை எடுத்தால் எங்கள் வீட்டுப் பெரியாக்கள் கடைசியில் ஒஸ்ரின் ஏ40இல் வந்துதான் நிற்பார்கள். மண்ணெண்ணெயில் ஓடின கார். கலியாணத்துக்கும் ஓடி, வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கும் ஏற்றி, இடம்பெயர்வுக்கும் ஓடின கார். அதே கதையை எங்கள் வயதுப் பெடியளிடம் எடுத்தால் அது லான்சர் எவோ, இம்பிரெசா, ஸ்கைலைன் என்று போகும். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். நண்பர் ஒருவரின் எவோ III, ரைமிங் பெல்ற் மாற்றுவதற்காக மூன்று கிழமை கராச்சில் நின்றது. பின்னேரங்களில் அங்கே போய்க் குந்தியிருந்து கேட்ட கதைகளும், பிறகு தேடி வாசித்தவையும் அந்த நினைப்பை மாற்றிவிட்டன.

விதிகள் செய்த கார்

லான்சர் எவலூஷன் பந்தயத்துக்காகவே பிறந்தது. அந்தக் காலத்து உலக ரலி போட்டிகள் 'குறூப் ஏ' என்ற விதிமுறையின் கீழ் நடந்தன. பந்தயத்தில் ஓட்டப்போகும் காரை, குறைந்தது 2,500 எண்ணிக்கையில் செய்து பொதுமக்களுக்கும் விற்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. பந்தயத்துக்கென்று ஒரே ஒரு அதிசயக் காரைக் கட்டிக்கொண்டு வரமுடியாது. இந்த விதி இல்லாவிட்டால், சாதாரண லான்சர் ஒன்றின் உடம்புக்குள் நாலு சில்லும் இழுக்கிற, ரேர்போ பூட்டிய இரண்டு லீற்றர் எஞ்சினை வைத்து யாரும் கடையில் விற்றிருக்கமாட்டார்கள்.

லான்சருக்கு ரலி புதிதல்ல. கென்யாவின் சஃபாரி ரலியை ஜோகிந்தர் சிங் 1974இலும் 1976இலும் வென்றது லான்சர் ஒன்றில்தான். கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த ஒரு சீக்கியர், யப்பான் கார் ஒன்றில், புழுதியிலும் சேற்றிலும் ஐரோப்பியக் கார்களை முந்திய கதை அது. பின்னர் மிற்சுபிஷி கலான்ற் விஆர்-4 என்ற காரோடு போட்டிக்கு வந்தது. எஞ்சின் நல்லது, கார் பெரிது, பாரம். அதே 4ஜி63 எஞ்சினைச் சிறிய லான்சருக்குள் இறக்கி, 1992இல் முதலாவது எவலூஷனை வெளியிட்டார்கள். 1996 தொடங்கி 1999 வரை ரொம்மி மக்கினென் தொடர்ந்து நான்கு தடவை உலகச் சம்பியனானது இந்த வரிசைக் கார்களில்தான்.

முதலாவது எவோ 250 குதிரைவலு. இரண்டாவது 260. மூன்றாவது 270. 1996இல் வந்த நான்காவது 280. அடுத்தது 290 என்று நினைப்போம். இல்லை, கணக்குப் புத்தகத்தில் அது 280இலேயே நின்றுவிட்டது. யப்பானில் 1980களின் முடிவில் வீதி விபத்துச் சாவுகள் ஆண்டுக்கு 10,000ஐத் தாண்டியபோது, உள்நாட்டில் விற்கும் கார்களின் வலுவை 280க்கு மேல் காட்டுவதில்லை என்று கார்க் கம்பனிகள் தமக்குள்ளே ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அது 2004 வரை நீடித்தது. உண்மையான வலு அதற்குமேல் இருந்தாலும் கடதாசியில் 280தான். எங்கள் பெடியள் சிலர் இந்த இலக்கத்தை மந்திரம் மாதிரிச் சொல்லுவார்கள். அதற்குப் பின்னால் இருந்தது சாவுக் கணக்கு என்பது பலருக்குத் தெரியாது.

யப்பான் ஏன் அனுப்பியது?

இவ்வளவு நல்ல கார்களை யப்பான்காரர் ஏன் வெளியே விட்டார்கள்? எல்லாரும் பணக்காரர், இரண்டு வருஷத்தில் காரை வீசிவிடுவார்கள் என்று இங்கே ஒரு கதை உலாவுகிறது. பாதி உண்மை. மீதிப் பாதி 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை. புதுக் காருக்கு மூன்றாம் வருஷம் முதல் தடவை, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பத்து வருஷம் கடந்த கார்களுக்கு 1995 வரை ஒவ்வொரு வருஷமும். பரிசோதனைக் கட்டணம், வரி, காப்புறுதி, திருத்தவேலை எல்லாம் சேர்ந்து வரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரை வைத்திருப்பதைவிட ஏலத்தில் விட்டுவிடுவது இலாபம் என்று அந்த ஊர்ச் சனம் கணக்குப் பார்த்தது.

ஏலத்தில் விழுந்த கார்கள், இடப்பக்கம் ஓட்டுகிற நாடுகளைத் தேடிக் கப்பல் ஏறின. நியூசிலாந்து, கென்யா, பாகிஸ்தான், இலங்கை. பிரித்தானியர் எங்களுக்கு விட்டுப்போன வீதி ஒழுங்கும் யப்பானின் வீதி ஒழுங்கும் ஒன்றாக இருந்தபடியால், ஸ்ரியரிங்கை மாற்றிப் பூட்ட வேண்டிய தேவையே வரவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு 'ரீகண்டிஷன்' என்ற சொல் எங்கள் பேச்சுத் தமிழுக்குள் வந்து குந்திவிட்டது.

மூன்று மூடல்கள்

அந்தக் கராச்சில் நாம் கேட்ட கதை இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது மூடல் 1977க்கு முந்தையது. 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி இறுகியிருந்தது. புதிது வராது, இருப்பதைத்தான் ஓட்டவேண்டும். ஏ40களும் மொறிஸ் மைனர்களும் ஆயுள் நீண்டது அப்படித்தான்.

இரண்டாவது மூடல் எங்களுடையது. 1990இலிருந்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. கிடைத்த பெற்றோல் போத்தலில் வைத்து எண்ணி ஊற்றுகிற சாமான். கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். இது மந்திரமில்லை. அந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின்களுக்கு அமுக்க விகிதம் குறைவு. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் அளவு மிகக் குறைவென்றாலும் அவை ஓரளவுக்குச் சகித்துக்கொண்டன. புகைக்கும், இடிக்கும், கரி பிடிக்கும். ஆனால் ஓடும்.

மூன்றாவது மூடல் 2020 மார்ச்சில் வந்தது. டொலர் இல்லை என்று வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. பெற்றோல் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டன. பிறகு கியூஆர் அட்டை, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எவோ மாதிரி ஒரு காருக்கு 20 லீற்றர் என்பது கோயிலுக்கும் கடைக்கும் போய்வரக் காணும், அவ்வளவுதான். நண்பர் அந்த மாதங்களில் சைக்கிளில்தான் திரிந்தார். கிழமைக்கு ஒருக்கால் காரை ஸ்ராட் பண்ணிப் பத்து நிமிஷம் வைத்திருப்பார். "பற்றரியும் செத்துப்போனா நானும் சேர்ந்து செத்துப்போவன்" என்பார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்குக் கதவு திரும்பத் திறந்தது. ஆனால் எவோவுக்குத் திறக்கவில்லை. சில வருஷங்களுக்கு மேல் பழைய கார் வரக்கூடாது என்று வயதெல்லை இருக்கிறது. எவோ வரிசையின் தயாரிப்போ பத்து வருஷத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது. தீவுக்குள் இப்போது எத்தனை இருக்கிறதோ அத்தனைதான். ஒன்று அடிபட்டு இரும்புக் கடைக்குப் போனால், ஒன்று குறைந்தது குறைந்ததுதான்.

வைத்திருப்பது என்றால் என்ன?

பாக்கிறதுக்கு வடிவான கார். வைத்திருக்கிறவருக்குத்தான் தெரியும் சங்கதி. 4ஜி63 எஞ்சினின் உடம்பு வார்ப்பிரும்பு, பலமானது. ஆனால் முன்பக்க மூடிக்குள் இரண்டு பெல்ற் ஓடுகின்றன. ஒன்று பெரிய ரைமிங் பெல்ற். மற்றது எஞ்சினின் அதிர்வைக் குறைக்கிற பலன்ஸ் ஷாஃப்ரைச் சுற்றுகிற சின்னப் பெல்ற். பெரியதை மாற்றும்போது காசைப் பார்த்துச் சின்னதை விட்டுவிடுகிற ஆக்கள் உண்டு. சின்னது அறுந்து பெரியதுக்குள் சிக்கினால் ரைமிங் பிசகும். வால்வுகள் பிஸ்ரனில் போய் இடிக்கும். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சினையே இழந்த கதை அப்படித்தான் வருகிறது. நண்பரின் கார் மூன்று கிழமை நின்றதும் அந்தச் சின்னப் பெல்ற் வந்துசேரும் வரைக்கும்தான்.

அடுத்தது ஒயில். ரேர்போவின் சில்லு புகைப்போக்கிக் காற்றில் நிமிஷத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். வேகமாக ஓடி வந்து உடனே திறப்பைத் திருப்பி நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நின்று, சூட்டில் இருந்த ஒயில் கருகும். அதனால் வீட்டு வாசலில் வந்தும் ஒரு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டுத்தான் இறங்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது படம் காட்டுகிற மாதிரித் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே எரிபொருள். யப்பானில் இந்த எஞ்சினைச் செப்பனிட்டது 100 ஒக்ரேன் அளவிலான பெற்றோலை நினைத்து. எங்கள் ஊர்ப் பம்பில் வழமையாகக் கிடைப்பது 92, 95. பிழையான பெற்றோலை ஊற்றிப் பூஸ்ற்றையும் கூட்டினால், நெருப்புப்பொறி பற்றவைத்த சுவாலை வந்துசேர முன்னமே மிச்ச எரிபொருள் தன்பாட்டில் வெடிக்கும். பிஸ்ரனைத் தின்கிற வெடிப்பு அது. 95ஐ ஊற்றி, அதற்கேற்ப எஞ்சினின் கணினியைத் திருத்தி, வலுவைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் புத்தி.

இதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கராச் அண்ணை சொன்னார்: "தம்பி, உந்த இடிக்கிற சத்தத்தை நான் பிடிச்சது எவோவில இல்லை. மண்ணெண்ணெய்க் காரில. அப்ப எனக்குப் பதின்மூண்டு வயசு. சத்தம் கேட்டுத்தான் ரைமிங் வைக்கிறது."

ஏ40ஐயும் எவோவையும் இணைக்கிற நூல் எங்களுக்கு அங்கேதான் அகப்பட்டது. ஒன்று அடக்கமான கிழட்டு எஞ்சின், மற்றது பந்தய எஞ்சின். ஆனால் இரண்டையும் கெடுக்கக்கூடியது ஒரே வெடிப்பு; இரண்டிலும் அதைக் கண்டுபிடித்தது ஒரே காது. தடைக்காலத்தில் பழகின கைதான் இன்றைக்கு இந்தக் கார்களையும் ஓடவைக்கிறது.

கடைசியாகச் சில கதைகள்

இதைப் பெருமைக் கதையாக மட்டும் முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இங்கே கார் வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து ஏறுவது. இரண்டு லீற்றர் ரேர்போக் கார் எல்லாராலும் தொடக்கூடிய பொருளில்லை. எங்கள் நண்பர் பழையதை வாங்கியே கடனில் இருக்கிறார். அடுத்தது வீதி. இந்தக் கார்களுக்கு ஏற்ற இடம் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் மாதிரியான ஓடுபாதை என்று நாமே சொல்லி வந்தோம். 2024 ஏப்ரல் 21இல் அங்கேயே ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், ஒரு சின்னப்பிள்ளை உட்பட. பாதை போட்ட இடத்திலேயே அப்படியென்றால், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பலாலி வீதியில் மிதிக்கிற பெடியனுக்கு நாம் என்ன சொல்வது? 280 என்ற இலக்கம் எங்கிருந்து வந்தது என்பதையாவது சொல்லலாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மண்ணெண்ணெயில் காரை எழுப்பினவர்கள், கிடைக்காத சாமானைக் கடைச்சலில் செய்து பூட்டினவர்கள் இப்போது அறுபது எழுபது வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். தடைக்காலம் பற்றி எழுதியவை அதிகம் அரசியலைச் சொல்கின்றன. அந்தக் கைகள் என்ன செய்தன, எப்படிச் செய்தன என்பது எழுத்தில் மிகக் குறைவு. நாம் பார்த்த அண்ணையிடம் ஒரு கொப்பிகூட இல்லை. எல்லாம் அவரின் காதுக்குள் இருக்கிறது.

நண்பரின் கார் போன மாதம் வெளியே வந்தது. அவர் இப்போது ஒரு கொப்பி வைத்து, எந்தத் திகதியில் என்ன மாற்றியது, எத்தனை கிலோமீற்றரில் மாற்றியது என்று எழுதுகிறார். முதல் பக்கத்தில் இரண்டு பெல்ற்றின் கணக்கும் இருக்கிறது. நாமும் அந்தக் கராச்சுக்கு ஞாயிறு பின்னேரங்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு போகத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அண்ணையோ ஐயாவோ இருப்பார். போய்க் கேளுங்கள்.