உத்தரவு வந்தால் இடிக்க வேண்டிய வீடுகள்

வீடு நிலைத்திருப்பதற்காகக் கட்டப்படுவது. பேரப்பிள்ளைகளும் வாழ வேண்டும் என்று எண்ணியே அத்திவாரக் கல்லை நாட்டுகிறோம். ஆனால், உத்தரவு வந்த மறுகணமே இடித்து அகற்றக்கூடிய விதத்தில்தான் வீடு கட்ட வேண்டும் என்று குடிமக்கள் கட்டாயப்படுத்தப்பட்டதாகச் சொல்லப்படும் ஊர் ஒன்று இத்தாலியில் உண்டு. அதன் பெயர் அல்பெரோபெல்லோ.

இத்தாலியின் வரைபடம் சப்பாத்து ஒன்றை ஒத்தது. அதன் குதிப் பகுதியிலுள்ள பூலியா பிராந்தியத்தில், பாரி நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 55 கிலோமீற்றர் தொலைவில், ஒலிவ் தோப்புகளுக்கு நடுவே இவ்வூர் அமைந்துள்ளது. நான் அங்கு சென்றபோது முதலில் கண்ணிற்பட்டவை கூம்பு வடிவக் கூரைகளே. வெள்ளையடித்த சுவர்கள். அவற்றின்மேல் சாம்பல்நிறக் கற்கூம்புகள். உச்சியில் செதுக்கிய கல் முடிகள். இவ்வீடுகளை ட்ருல்லி என்பர். மொந்தி என்ற பகுதியில் 1,030 வீடுகளும், ஆயா பிக்கொலா என்ற பகுதியில் 590 வீடுகளும் உள்ளன. 1996இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வீடுகளின் சிறப்பு, இவை சாந்து இன்றிக் கட்டப்பட்டவை என்பதாகும். தட்டையான சுண்ணாம்புக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொரு சுற்றையும் சற்றே உள்நோக்கி நகர்த்தி அடுக்கிச் செல்வர். வட்டம் சுருங்கிச் சுருங்கி இறுதியில் ஒரு கல்லால் மூடப்படும். சுவர்கள் இரட்டை அடுக்கானவை. இடைவெளியில் உடைகற்களை நிரப்பியிருப்பர். அடுப்பும் மாடங்களும் சுவரின் தடிப்புக்குள்ளேயே அமைந்துவிடும். கூரையில் விழும் மழைநீர் கல் வாய்க்கால் வழியே வீட்டின் கீழுள்ள தொட்டியைச் சென்றடையும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் மேலே தங்காது என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. நெடுந்தீவில் முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பிய மதில்களைக் கண்டவர்களுக்கு இந்தக் கைவண்ணமும் அந்நியமாகத் தோன்றாது.

சாந்தை ஏன் தவிர்த்தார்கள்? இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. இந்நிலம் கொன்வெர்சானோவை ஆண்ட அக்குவாவீவா பிரபுக்களுக்குச் சொந்தமாயிருந்தது. காட்டை வெட்டிப் பயிரிடுவதற்குக் குடியானவர்களை அவர்கள் இங்கே குடியேற்றினர். புதிய குடியேற்றம் ஒன்றை நிறுவ நாப்பொலி மன்னரின் அனுமதி வேண்டும்; வரியும் செலுத்த வேண்டும். பிரபுக்களுக்கு இரண்டிலும் விருப்பமில்லை. எனவே அரச அதிகாரிகள் வரும்போது அங்கே ஊரே இல்லை என்று காட்டுவதற்கு வசதியாக, சாந்தின்றி வீடு கட்டச் செய்தனர் என்பர். 1644இலும் 1700இலும் வரியைத் தவிர்க்க இந்த உபாயம் பயன்படுத்தப்பட்டதாக அறியப்படுகிறது. பணிய மறுக்கும் குடியானவனை வெளியேற்றுவதும் இதனால் எளிதாயிற்று.

எனினும் ஆய்வாளர்கள் வேறொன்றும் கூறுவர். சாந்தின்றிக் கல் அடுக்குவது இப்பிரதேசத்தின் பழைய மரபு. வயற்சுவர்களும் களஞ்சியங்களும் அவ்வாறே கட்டப்பட்டன. அம்முறையே வீடுகளுக்கும் வந்திருக்கலாம் என்பது அவர்களது கருத்து. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவாக எனக்குத் தோன்றவில்லை. மக்களின் கைத்திறன் ஏற்கெனவே இருந்தது. அதிகாரம் அதனைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. வரி ஏய்த்த இலாபம் பிரபுவுக்கு. கூரையை இழக்கும் அச்சம் குடியானவனுக்கு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே 3,500க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது சுதந்திரமான ஓர் ஊரல்ல. அம்மக்கள் மன்னர் நான்காம் பெர்தினாந்திடம் முறையிட்டனர். 1797 மே 27ஆம் திகதி அல்பெரோபெல்லோ அரச நகராகப் பிரகடனம் செய்யப்பட்டது; பிரபுக்களின் ஆட்சி ஒழிந்தது. நாப்பொலி இராச்சியம் முழுவதிலும் நிலப்பிரபுத்துவம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1806இல்தான். ஒன்பது ஆண்டுகள் முந்திக்கொண்டது இச்சிற்றூர்.

விடுதலை பெற்ற ஊரில் முதலில் நிகழ்ந்தது என்ன தெரியுமா? அதே 1797இல் சாந்து பூசி ஒரு வீடு கட்டினார்கள். தமோரே இல்லம் எனப்படும் அவ்வீடு இன்றும் நிற்கிறது. கூம்புக் கூரை இல்லாத, சாதாரணமான ஒரு கட்டடம் அது. படம் பிடிப்பவர்கள் அதிகம் கவனியாது கடந்து செல்கின்றனர். எனக்கோ அவ்வூரிலேயே மிகுந்த பொருளுடைய கட்டடமாக அதுவே தோன்றியது. இனி எவரும் எம்மை ஓர் இரவில் வெளியேற்ற முடியாது என்று அம்மக்கள் எழுதி வைத்த சாசனம் அந்தச் சாந்து.

இன்று மொந்தியின் ட்ருல்லிகளிற் பல நினைவுப்பொருட் கடைகளாகவும் தங்குமிடங்களாகவும் மாறிவிட்டன. ஆயா பிக்கொலாவில் இன்னமும் மக்கள் குடியிருக்கின்றனர். சன்னலோரத்தில் பூச்சாடிகளையும் கொடியில் உலரும் துணிகளையும் காணலாம். இடிப்பதற்கு எளிது என்று பிரபுக்கள் விரும்பிய வீடுகளை இன்று சட்டம் பாதுகாக்கிறது. அக்குவாவீவா பிரபுக்களின் ஆட்சி போய் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. குடியானவர்கள் அடுக்கிய கற்கள் இடம்பெயராமல் இருக்கின்றன.